விற்பனை வண்டிகளும் ஓதமும்

நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் தத்தம் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் பொருட்காட்சிக்கும் செல்லும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். கடை வாடகை மிச்சமாகின்றது, இடைத்தரகருக்கு இடமில்லை, நெய்தவரும் விளைத்தவரும் வாங்குவோர் முகத்தை நேரில் காண்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு நகரும் நியாய விலைக் கடைகளைத் தொடங்கிற்று. மக்கள் கடையைத் தேடி வரும்வரை காத்திராமல், கடை மக்களைத் தேடிச் செல்லலாம் என்பது அதனால் ஊரறிந்த செய்தியாயிற்று.

ஆனால் நியாய விலைக் கடையின் வண்டி மாலையில் கிடங்கிற்குத் திரும்பிவிடும். நம் சங்கங்களின் வண்டியோ அவ்வாறன்று. தீபாவளிக்கு முன் புறப்பட்டால் பொங்கல் வரையில் ஊர் ஊராகச் சுற்றுகின்றது. விற்பனையாளரும் ஓட்டுநரும் அதிலேயே படுக்கிறார்கள். அதிலேயே சிலவேளை சமைக்கிறார்கள். அவர்கள் தலைமாட்டில் துணிக்கட்டுகளும், காலடியில் மஞ்சள் மூட்டையும் இருக்கின்றன. சுருங்கச் சொன்னால் அது ஒரு வீடு, ஒரு கடை, ஒரு கிடங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த தகரப் பெட்டி. இத்தகைய பெட்டியை ஆயத்தம் செய்யும்போது சங்க நிர்வாகிகள் வண்ணத்திற்கும் பெயர்ப் பலகைக்கும் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூட உட்காப்புக்குக் காட்டுவதில்லை என்பதே நம் குறை.

உட்காப்பு என்று நாம் கூறுவது, வண்டியின் வெளித்தகட்டிற்கும் உள்ளே அடிக்கும் பலகைக்கும் இடையே வைக்கப்படும் பொருளை. வெயிலைத் தடுப்பதற்காகவே அது வைக்கப்படுகின்றது என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். வெயில் ஒரு தொல்லைதான். ஆயினும் வெயிலால் துணி கெட்டதாக எந்த இருப்புப் பதிவேட்டிலும் நாம் கண்டதில்லை. கெடுப்பது ஓதம்.

நம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மற்றொரு பக்கம் சித்தேரி மலை, நடுவே வாணியாறு. ஐப்பசி கார்த்திகையில் மழை. அது விட்டவுடன் மார்கழிப் பனி. விடியற்காலையில் பொம்மிடி ரயில் நிலையத்திற்கு வெளியே நிறுத்தியிருக்கும் வண்டிகளின் மேல் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவு நீர் படிந்திருக்கும். வெளியே படிவதைப் பற்றி நமக்குக் கவலையில்லை, வெயில் வந்தால் போய்விடும். அதே நீர் அதே தகட்டின் உட்புறத்திலும் படிகின்றது என்பதும், அங்கே வெயில் வருவதில்லை என்பதுமே நாம் கவனிக்க வேண்டியவை.

இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால், எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். காற்று நீரைச் சுமக்கும். வெப்பமான காற்று மிகுதியாகச் சுமக்கும், குளிர்ந்த காற்று குறைவாகச் சுமக்கும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ள முடியும். அதே காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராமுக்கு மேல் தாங்காது. மிஞ்சிய 13 கிராமையும் எங்கேனும் இறக்கி வைத்தாக வேண்டும். அருகில் எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் இறக்கிவிடும். வண்டியில் மிகக் குளிர்ந்திருப்பது மேற்கூரைத் தகடு. தெளிந்த இரவில் அது திறந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் சில டிகிரி குளிர்ந்துவிடுகின்றது. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பனி குறைவாகப் படிவதன் காரணமும் இதுவே. மரம் வானத்தை மறைக்கின்றது.

இனி உள்ளே உறங்குவோரைக் கணக்கில் கொள்வோம். ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் வெளிவிடும் நீர் கால் லிட்டருக்குக் குறையாது. இருவருக்கு அரை லிட்டர். சிறிய வண்டியொன்றின் உள்ளளவு பத்துக் கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள காற்று முழுவதும் 20 டிகிரியில் தாங்கக்கூடியது 170 கிராம்தான். அதிலும் பெரும்பகுதி முன்னமே நிறைந்திருக்கும். ஆகவே அந்த அரை லிட்டர் நீர் ஒன்று வெளியே போக வேண்டும், அல்லது தகட்டின்மேல் படிய வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. கதவையும் சன்னலையும் இறுக மூடி உறங்குகிறவர்கள் தினமும் அரை லிட்டர் நீரைச் சரக்கின் நடுவே ஊற்றிவிட்டு எழுகிறார்கள் என்றால் அது மிகையாகாது.

நெசவாளர்களுக்கு இதில் ஒரு விந்தை தோன்றக்கூடும். தறியில் ஈரம் நமக்கு நண்பன். குழித்தறியை மண்ணில் இறக்கி அமைத்ததற்கும், சித்திரை வெயிலில் தறிவீட்டு மண்தரையில் நீர் தெளிப்பதற்கும் காரணம், வறண்ட காற்றில் நூல் அறுந்துபோகும் என்பதே. பருத்தி இயல்பாகவே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ நூலுக்கு எட்டரைக் கிலோ ஈரம் உண்டு என்று நூல் வாணிகத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது. மழைக்காலத்தில் அது இன்னும் ஏறும். தறியிலே நண்பனாக இருந்த அந்த ஈரம், நெய்து மடித்துக் கட்டிய பிறகு பகைவனாகிவிடுகின்றது; பாவுக்கு இட்ட கஞ்சி துணியில் எஞ்சியிருந்தால் பூஞ்சணத்திற்கு அதைவிட நல்ல உணவு வேறில்லை. மஞ்சள் விளைப்போருக்கோ இதை விளக்க வேண்டியதே இல்லை. வேகவைத்து, உலர்த்தி, பத்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும்படி பக்குவம் செய்த விரலி மஞ்சள் ஓதமேறிய மூலையில் ஒரு திங்கள் கிடந்தால், ஏலத்தில் அதன் விலை என்னவாகும் என்பது அவர்கள் அறிந்ததே.

சென்ற பருவத்தில் ஒரு சங்கத்தின் வண்டி இருப்பைச் சரிபார்க்கும் பணி நமக்கு வாய்த்தது. பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. எண்ணிக்கையில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. ஆனால் பக்கச் சுவரை ஒட்டியிருந்த அடுக்கில் கீழிருந்த போர்வைகளையும் வேட்டிகளையும் எடுத்தபோது கரும்புள்ளிகள் கண்டன, வாடையும் வந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்றார் தலைவர். கூரையில் ஓட்டை இல்லை. விற்பனையாளர் ஈரத்துணியை உள்ளே உலர்த்தியிருப்பார் என்றார் ஓர் இயக்குநர். பலகையைக் கழற்றச் சொன்னோம். உள்ளே தகட்டிற்கும் பலகைக்கும் நடுவே தென்னை நார் மெத்தைத் துண்டுகளும், சில இடங்களில் பழம் பஞ்சும் திணிக்கப்பட்டிருந்தன. கையால் பிழிந்தால் நீர் சொட்டிற்று. தகட்டின் உட்புறம் செந்துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வண்டி ஆயத்தமாகி ஓராண்டுகூட நிறைவுறவில்லை.

இதன்பின் நடந்ததே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. கெட்ட துணியின் மதிப்பை விற்பனையாளரின் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தம் செய்வதென்று அச்சங்கத்தின் இயக்குநர் குழு தீர்மானம் நிறைவேற்றியது. சரக்கு அவர் பொறுப்பில் இருந்தது, சரக்கு கெட்டது, ஆகவே அவர் ஈடு செய்ய வேண்டும் என்பது வாதம். கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கின்றது. ஆனால் கோப்பைப் புரட்டிப் பார்த்தால், வண்டியை ஆயத்தம் செய்ய மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருந்தன. மூன்றிலும் ‘உட்காப்பு வேலை, மொத்தம்’ என்ற ஒரே வரிதான். எந்தப் பொருள், எவ்வளவு தடிப்பு, எவ்வாறு ஒட்டுவது, காற்றுவழி எத்தனை என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. மிகக் குறைந்த தொகைக்கு வேலை கொடுக்கப்பட்டது. குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவர் தமக்குக் குறைந்த விலையில் கிடைத்ததைத் திணித்தார். இதில் விற்பனையாளரின் குற்றம் யாது? மழைக்கு அஞ்சிச் சன்னலை மூடினார் என்பது ஒன்றுதான். திறந்து வைக்கத்தக்க காற்றுவழி ஒன்றை அவருக்கு எவரும் அமைத்துத் தரவில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு தண்டத் தீர்வைக்கு வழி செய்கின்றது என்பது மெய். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சுவருக்குள் பிறர் வைத்த பஞ்சு நனைந்ததைக் கடைச் சிப்பந்தியின் வேண்டுமென்ற அசட்டை என்று எவ்வாறு கூறுவது? பிடித்தத்திற்கு இடமில்லை என்றே நம் அறிக்கையில் எழுதினோம். விலைப்புள்ளியில் கையொப்பமிட்டவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள என்றும் எழுதினோம். அது சிலருக்கு உவப்பாக இல்லை.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பொருளே வெப்பத்தை மிகச் சிறப்பாகத் தடுக்கும் என்பார்கள். இதில் மயங்க வேண்டுவதில்லை. தெர்மோகோல், கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி, ஆட்டுக் கம்பளி, தக்கை, கருநிற நைட்ரைல் ரப்பர் நுரை, பாலிஎத்திலீன் நுரை ஆகிய இவை யாவும் ஒரே தடிப்பில் ஏறக்குறைய ஒரே அளவே வெப்பத்தைத் தடுக்கின்றன. பாலியூரித்தேன் நுரை சற்று மேலானது. தென்னை நார் சற்றுத் தாழ்ந்தது. இரும்போடு ஒப்பிட்டால் இவை எல்லாம் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுப்பவை. தம்முள் ஒப்பிட்டால் வேறுபாடு சொற்பம். ஆகையால் வெப்பத்தை அளவுகோலாக வைத்துப் பொருளைத் தெரிந்தெடுப்பது வீண் வேலை. அளவுகோல் நீர்தான். அப்பொருளின் வழியாக நீராவி ஊடுருவித் தகட்டை அடைய முடியுமா? அடைந்து நீரானால் அப்பொருள் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று விடை தரும் பொருளே நமக்கு வேண்டியது.

நாரும் பஞ்சும் கம்பளியும் இக்கேள்விகளில் தோற்றுவிடுகின்றன. அவற்றின் இழைகளுக்கிடையே காற்று தாராளமாகப் போய் வரும். உள்ளறையின் வெப்பக் காற்று அவற்றினூடே சென்று குளிர்ந்த தகட்டைத் தொட்டு நீராகும். அந்நீரை அவையே பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடிக் கம்பளியின் இழை தானாக நீரை உறிஞ்சாதாயினும், இழைகளுக்கிடையே நீர் தங்கி நின்றுவிடும். ஈரமேறிய கம்பளி தொய்ந்து கீழே இறங்கி, மேற்பகுதியை வெறுமையாக்கிவிடும். ஈரமான பஞ்சு வெப்பத்தையும் தடுப்பதில்லை. அதாவது செலவழித்த காரியமும் கெட்டு, செய்யாதிருந்தால் வந்திராத கேடும் வந்து சேர்கின்றது. வெறும் தகடாக விட்டிருந்தால் வழிந்த நீரையாவது காலையில் துடைத்திருக்கலாம்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சந்தித்தாக வேண்டும். “நாம் பருத்தி நெய்பவர்கள், நம் தோழர்கள் தென்னை வளர்ப்பவர்கள், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குறும்பர்கள் கம்பளி நெய்கிறார்கள். நம் பொருளை விட்டுவிட்டு ரசாயன நுரையை வாங்குவதா?” என்று ஒரு கூட்டத்தில் முதியவர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் உள்ள பற்று நமக்கும் உண்டு. ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடித்து, பின்பு மெல்ல விட்டுவிடும் என்பதை மேனாடுகளில் ஒரு சிறப்பாகவே சொல்லி விற்கிறார்கள். பகலில் வறண்ட காற்று கிடைக்கும் நாட்டில் அது பொருந்தக்கூடும். ஐப்பசி மழை பத்து நாள் விடாது பெய்யும் இடத்தில் பிடித்த ஈரத்தை விடுவதற்குப் பகல் எங்கே இருக்கின்றது? அந்துப் பூச்சியும் அதை விட்டுவைக்காது. ஆகவே நம் கருத்து இது: நம் பொருளை உள்ளறையில் வையுங்கள். தரையில் நார்ப்பாய் விரியுங்கள்; சன்னலில் கைத்தறித் திரை தொங்கட்டும்; உறங்குவோர் நம் கம்பளியையே போர்த்திக்கொள்ளட்டும். அவை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கின்றன, நனைந்தால் எடுத்து உலர்த்தலாம். எடுத்துப் பார்க்க முடியாத சுவரின் உட்புறத்தில் மட்டும் அவற்றை அடைக்க வேண்டா. பற்று வேறு, பொருத்தம் வேறு. நம் மாட்டுவண்டிக் கூண்டில் மூங்கிற் பாய் வியர்க்காமல் இருந்ததற்குக் காரணம் மூங்கிலின் உயர்வு மாத்திரமன்று, அங்கே தகரம் இல்லாமையும் நாற்புறமும் காற்று வந்து போனமையுமே ஆகும்.

நுரைகளில் நமக்கு வேண்டியது, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே மூடியிருக்கும் வகை. இதற்கு எடுத்துக்காட்டு தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பால் உற்பத்தியாளர் சங்கத்தில் இருக்கும் குளிர்விப்பான் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பால் 4 டிகிரியில் இருக்கின்றது; வெளியே சித்திரை மாதத்துக் காற்று. ஆயினும் தொட்டியின் வெளிச்சுவர் வியர்ப்பதில்லை. குளிர்ந்த எவர்சில்வர்த் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டி நுரை நிரப்பப்பட்டிருப்பதால், ஈரக்காற்று அத்தகட்டை எட்டுவதே இல்லை. பால் ஏற்றிச் செல்லும் டாங்கரிலும் இதே முறைதான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வரும் செம்புக் குழாயின்மேல் கருநிற உறையொன்று மாட்டியிருப்பார்கள். அது கிழிந்த இடத்தில் மட்டும் நீர் சொட்டுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அந்த உறையே நைட்ரைல் ரப்பர் நுரை, தகடாகவும் விற்கின்றது. வளைந்த வண்டிச் சுவருக்கு நம் பரிந்துரை அதுவே, அல்லது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் நுரைத் தகடு. இரண்டும் வளையும், தகட்டோடு முழுவதும் ஒட்டும், வண்டி குலுங்கினாலும் பொடியாகி உதிர்வதில்லை. தடிப்பு முக்கால் அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் நலம். கூரைக்கு ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல்.

தெர்மோகோல் விலை மலிவு. அதன் கண்களும் மூடியவையே. ஆனால் அது வளையாது. வளைந்த சுவரில் நேர்ப்பலகையை வைத்தால் பின்னே வெற்றிடம் விழும். அவ்வெற்றிடத்தில் காற்று புகுந்து வியர்க்கும். மேலும் சாதாரண ரப்பர்ப் பசை பட்டால் அது கரைந்தே போய்விடும். இது தெரியாமல் ஒட்டிவிட்டு, மறுநாள் தகட்டில் வெறும் பசை நிற்பதைக் கண்டு திகைத்த தச்சர்கள் உண்டு. தட்டையான தரைக்கு அழுத்தமான பாலிஸ்டைரீன் பலகை ஏற்றது, அதற்குரிய பசையோடு. பீச்சி நிரப்பும் பாலியூரித்தேன் நுரை திறமையான கையில் மிக நன்று. திறமையற்ற கையில் தகட்டையே வளைத்துவிடும், பின்னர்ச் சுரண்டி எடுக்கவும் இயலாது. பளபளக்கும் வெள்ளித் தாளைத் தகட்டோடு ஒட்டிவிட்டு அதுவே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். அத்தாள் தனக்கு முன்னே காற்றிடம் இருந்தால்தான் வெப்பத்தைத் திருப்பும்; இரு பொருள்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தால் அது அலங்காரத் தாளே.

நெருப்பைப் பற்றி ஒரு சொல். தெர்மோகோலும் பாலியூரித்தேனும் எளிதில் பற்றிக்கொள்ளும். அவற்றின் புகை நஞ்சு. துணி நிறைந்த வண்டியில், உள்ளே ஆட்கள் உறங்கும் வண்டியில், இதனைச் சிறு விஷயமாகக் கருத நமக்கு மனம் வரவில்லை. எந்த நுரையானாலும் தீத்தடுப்புத் தரமுள்ளதா என்று கேட்டு, அதனை விலைப்பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். வெறும் நுரையை மேலே பலகையிட்டு மூடாமல் விடுதல் கூடாது.

பொருளைச் சரியாக வாங்கியும் வேலையில் கெடுத்துவிடுவோர் உளர். வண்டியின் விலா எலும்பு போன்ற இரும்புச் சட்டங்களை மூடாமல் அவற்றின் நடுவேயுள்ள இடத்தை மட்டும் நிரப்பினால், குளிர் அச்சட்டங்களின் வழியே உள்ளே வரும். மழைக்காலத்தில் பலகையின்மேல் சட்டம் உள்ள இடமெல்லாம் கோடு கோடாக ஈரம் தெரியும். சட்டத்தின் முகத்தின்மேலும் மெல்லிய நுரைப் பட்டை ஒட்டிய பிறகே பலகை அடிக்க வேண்டும். துண்டுகள் சேரும் இடத்தில் ஒட்டுப் பட்டை போட வேண்டும். ஆனால் கதவின் அடியிலும் சட்டங்களின் அடியிலும் வண்டியைச் செய்தவர்கள் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை நீர் வடிவதற்காக விட்டவை. அவற்றைக் குறை என்று எண்ணி அடைத்தவர்களின் வண்டிகளிலே கதவுகள் கீழிருந்து துருவேறி உதிர்ந்திருக்கின்றன. முதலில் பழைய துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, அது காய்ந்த பின்னரே நுரை ஒட்டுவது முறை. இதற்கு இரண்டு நாள் பிடிக்கும். ஒப்பந்தக்காரர் முதலில் சுருக்குவது இந்த இரண்டு நாளைத்தான்.

இவ்வளவும் செய்தாலும் காற்றுவழி இல்லையேல் பயனில்லை. உட்காப்பு தகட்டைக் காப்பாற்றுமேயன்றி, உறங்குவோர் விடும் அரை லிட்டர் நீரை எங்கும் கொண்டுபோய் விடாது. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு, மேலே உள்ளதில் சிறு மின்விசிறி. மழை உள்ளே வராதபடி மேல்மூடி. மழை நாளில் வெளிக்காற்றே ஈரமாயிற்றே, அதை உள்ளே விடுவதா என்று கேட்பார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். வெளியே 21 டிகிரியில் ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கும் காற்று, ஆட்கள் உறங்கும் வண்டிக்குள் வந்து 26 டிகிரிக்கு ஏறும்போது, அது தாங்கக்கூடியதில் பத்தில் ஏழு பங்குதான் நிறைந்திருக்கும். மீதி மூன்று பங்கு இடத்தில் உள்ளேயுள்ள நீரை ஏற்றிக்கொண்டு வெளியேறும். ஆகவே மழை நாளிலும் திறப்பு வேண்டும். மழை நாளில்தான் முக்கியமாக வேண்டும்.

அடுப்பை வண்டிக்குள் மூட்டவே கூடாது என்பது நம் அபிப்பிராயம். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகின்றது; சோற்றிலிருந்து வரும் ஆவி அதற்கு மேல். மூடிய வண்டியில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவையும் உண்டாக்கக்கூடும். அதற்கு வாடையில்லை, உறங்குவோர் உறக்கத்திலேயே மடிவர். வண்டியின் பக்கத்தில் ஒரு கூடாரத் துணியைக் கட்டி அதன் கீழ்ச் சமைப்பதில் என்ன இழப்பு?

சரக்கை அடுக்குவதிலும் கவனம் வேண்டும். அடுக்குத் தட்டுகள் முழுப்பலகையாக இராமல் சட்டமிட்டவையாக இருக்கட்டும். துணிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று ஓடட்டும். வசம்பும் வேப்பிலையும் பூச்சியை ஓட்டும், ஈரத்தை ஓட்டா. சிறு பொட்டலங்களில் வரும் சிலிக்கா ஜெல்லை நான்கு மூலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், அரை லிட்டர் நீருக்கு எத்தனை பொட்டலம் வேண்டும் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இவை எல்லாம் சிறு சங்கத்தின் சக்திக்கு மீறியவை என்பார் சிலர். நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியா முழுவதும் செல்கின்றன. மாதக்கணக்கில் ஊர் திரும்பாத தொழிலாளர்கள் அவ்வண்டிகளையே வீடாகக் கொண்டு வாழ்கிறார்கள். நாமக்கல்லிலும் கரூரிலும் லாரிக்கும் பேருந்துக்கும் கூடு கட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஆகவே வேலை தெரிந்த கைகள் நமக்கு ஒரு பகற்பயணத் தூரத்தில் இருக்கின்றன. தெரிந்து கேட்பதுதான் நம்மிடம் இல்லை. நுரைத் தகட்டிற்கும் பழம் பஞ்சுக்கும் உள்ள விலை வேறுபாடு, கெட்டுப்போன ஒரே அடுக்குத் துணியின் கிரயத்தோடு ஒப்பிடத்தக்கதே. அத்துணியை நெய்தவரின் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? ‘சேத இழப்பு’ என்ற தலைப்பில் எழுதிவிட்டால் இருப்புநிலைக் குறிப்பு சமனாகிவிடும். ஆனால் அந்த வருடம் உறுப்பினர்க்குரிய பங்காதாயத்திலும் போனசிலும் அது குறைந்திருக்கும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. உள்ளே நுரை ஒட்டுவது ஒன்று. கூரையை அறுத்து விசிறி வைப்பதும், பக்கத்தில் சன்னல் வெட்டுவதும், இருக்கையை எடுத்துக் கட்டில் போடுவதும் வேறு. பின்னவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றே செய்ய வேண்டும். அனுமதியின்றி அறுத்துவிட்டால், விபத்துக் காலத்தில் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் தகராறு வரும்.

புதிதாக வண்டி வாங்கும் சங்கங்கள் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே பொருளின் பெயர், தடிப்பு, தீத்தடுப்புத் தரம், பசையின் வகை, துருப்பூச்சு, சட்டங்களை மூடும் முறை, காற்றுவழிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். பலகை அடிக்கும் முன்பாக இயக்குநர் ஒருவர் பட்டறைக்கு நேரில் சென்று பார்த்துக் கையொப்பமிட்டாலன்றி இரண்டாம் தவணைத் தொகை கொடுபடாது என்றும் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். முன்னமே வண்டி வைத்திருப்போர் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பக்கப் பலகையை மாத்திரம் கழற்றி, உள்ளே கைவைத்துப் பார்க்கட்டும். அரை நாள் வேலை, நான்கு திருகாணிகள். உள்ளே பஞ்சோ நாரோ ஈரமாக இருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, தகட்டை வெயிலில் உலர்த்திச் செந்துருவைச் சுரண்டத் தொடங்கலாம். சரக்கை அதுவரை சங்கக் கட்டடத்தில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.